ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடிய வழங்கியும் எங்கள் விக்கியும்

எங்கள் ஊர் வரலாற்றுக் குறிப்புகளுக்காக நான் பராமரிக்கும், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மென்பொருளான மீடியாவிக்கியில் அமைந்த தளத்தில், காலை 10 மணிக்குச் சேமித்த திருத்தம் மாலை 3.30 எனப் பதிவாகியிருந்தது. தளம் இயங்கும் கணினியான வழங்கியின் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரம் வைக்கப்பட்டிருக்க, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டதால் சரியாக ஐந்தரை மணி நேரம் கூடிவிட்டது. இணையவழி சரியான நேரத்தைப் பெற்று அதைத் திருத்த வேண்டிய குரோனி (chrony) சேவையோ நின்றுபோயிருந்தது.

குரோனியை இயக்கி, வன்பொருள் கடிகாரத்தையும் பொது நேரத்துக்கு மாற்றினேன். உண்மையான தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. மீடியாவிக்கி ஒவ்வொரு திருத்தத்தின் நேரத்தையும் 14 இலக்க எண்ணாகச் சேமித்து, பக்க வரலாற்றை அந்த வரிசையிலேயே காட்டுவதால், புதிய திருத்தங்கள் பழையவற்றுக்குக் கீழே போய் அமர்ந்தன. பல பக்கங்களில் பயன்படும் பொது அச்சான வார்ப்புருவை மாற்றினாலும், எதிர்கால நேரம் பொறிக்கப்பட்ட தற்காலிகச் சேமிப்பு இன்னும் புதியதென்றே கருதப்பட்டு, பக்கங்களில் பழைய உள்ளடக்கமே வந்தது.

ஒருவர் எதை எப்போது எழுதினார் என்ற பதிவு பிழையாக இருக்க விட எனக்கு மனம் வரவில்லை. தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுத்து, தளத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்து, கடிகாரம் பிழையாக இருந்த காலத்துத் திருத்தங்களை மட்டும் அவற்றின் வரிசை எண்களைக் கொண்டு பிரித்து, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தேன். பக்க அட்டவணையில் எதிர்காலத்தைக் காட்டிய நேரங்களையும் நிகழ்நேரத்துக்குக் கொண்டுவந்து, தற்காலிகச் சேமிப்பை அழித்து, அண்மைய மாற்றங்களின் பட்டியலை மீளுருவாக்கும் நிரலை ஓட்டியதும் வரலாறு ஒழுங்கானது.