கம்பெனி தரும் இலவச டயர்: வாங்கலாமா, வேண்டாமா?

"கார் டயரை மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம்" என்று கம்பெனி சொன்னால் சிலர் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். சிலர் "ஓசியில் தர்றான்னா ஏதோ இருக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். டார்ச், செல்போன் கேமரா, பட்டன் (டயரில் ரோட்டைத் தொடும், பள்ளக் கோடுகள் போட்ட ரப்பர் பகுதி) ஆழம் அளக்கும் கேஜ், அரை மணி நேரம் இருந்தால் போதும், நீங்களே முடிவெடுத்துவிடலாம். கேஜ் இல்லாதவர்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் சல்லிசாக வாங்கலாம்.

1. எந்த வகை இலவசம் என்று முதலில் கேளுங்கள்

இலவசம் என்ற பெயரில் மூன்று விஷயங்கள் வரும்.

முதலாவது ரீகால். ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான டயர்களில் பாதுகாப்புக் குறை இருப்பதாகக் கம்பெனியே அறிவித்துத் திரும்பப் பெறுவது. உங்கள் டயரோ சேஸிஸ் எண்ணோ அந்தப் பட்டியலில் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள். "நல்லாத்தானே ஓடுது" என்ற வாதம் இங்கே செல்லாது. 2000 ஆகஸ்டில் பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் அதிகம் இருந்த டயர்கள் அவை. ஓட்டத்திலேயே பட்டன் பகுதி உரிந்து தனியாக வந்தது. வெளியே பார்க்க நல்ல டயர். உள்ளே, பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்டீல் பெல்ட்டுகளுக்கு (எஃகு இழைப் பட்டைகளுக்கு) நடுவே பிரிவு. வெயில், வேகம், குறைந்த காற்று மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிரிவு வேகமாக வளரும். சென்னை மே மாதத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற வண்டிக்கு அந்த மூன்றும் சாதாரணமாகவே அமையும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்த்த 110ஏ பிரிவு ரீகாலுக்கு வழி செய்கிறது. ரீகால் என்று சொல்லிவிட்டு முன்பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் அது மோசடி. வந்த லிங்க்கைத் தொடாமல், கார் கம்பெனியின் இணையதளத்தில் நீங்களே சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வாரண்டி. புது காரில் வந்த டயராக இருந்தாலும் பெரும்பாலும் இதற்குப் பொறுப்பு டயர் கம்பெனிதான். ஷோரூமில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த பிராண்டின் டீலரிடம் போக வேண்டும். பெயர்தான் இலவச மாற்று, பெரும்பாலும் ஒரு பங்கு பணம் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது குட்வில். "எங்கள் தப்பில்லை, ஆனாலும் தருகிறோம்" என்பது. கையெழுத்து கேட்கும் தாள் பெரும்பாலும் இதில்தான் வரும். 7-ஆம் படியைப் படிக்காமல் தலையாட்டாதீர்கள்.

2. பழைய டயரை ஒப்படைக்கும் முன் படம் எடுங்கள்

டயர் கைமாறிய பிறகு உங்களிடம் சாட்சி இல்லை. ஐந்து படங்கள் போதும்: குறை இருக்கும் இடம், முழு டயர், சைஸ் எழுத்து, தயாரிப்புத் தேதி, பட்டனில் கேஜ் வைத்த நிலை. ஓடோமீட்டரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

தேதி எங்கே என்று பலருக்குக் குழப்பம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. பல டயர்களில் முழு வரிசையும் ஒரு பக்கம்தான் இருக்கும். வெளியே நான்கு இலக்கம் இல்லையென்றால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள்.

டயர் வெடித்து விபத்து நடந்திருந்தால், அதிலும் யாருக்காவது அடிபட்டிருந்தால், கதை வேறு. இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்து முடிக்கும் வரை அந்த டயரை யாரிடமும் கொடுக்காதீர்கள். உரிந்த துண்டுகள் கிடைத்தால் அவற்றையும் சாக்கில் கட்டி வையுங்கள்.

3. கம்பெனிக் குறையா, பள்ளத்தில் அடிபட்டதா?

வாரண்டி க்ளெய்ம் இங்கேதான் தள்ளுபடி ஆகும். சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், எலுமிச்சை அளவு புடைப்பைப் பார்த்ததும் "டயரே டூப்ளிகேட்" என்று கோபப்படுவோம். பெரும்பாலும் அது மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய பள்ளத்திலோ மழைநீர் மூடிய குழியிலோ வாங்கிய அடி. அடியில் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அடிபட்ட அன்றே தெரியாது. சில வாரம் கழித்தும் வரும்.

க்ளெய்ம் பார்க்கிற எஞ்சினியர் டயரைக் கழற்றி உட்புறத்தைத்தான் பார்ப்பார். புடைப்புக்கு நேர் உள்ளே கீறலோ நசுங்கிய கோடோ இருந்து, அதே இடத்தில் ரிம் விளிம்பும் வளைந்திருந்தால் "இம்பாக்ட்" (அடிபட்டது) என்று எழுதிவிடுவார். சைட்வாலின் உள்ளே வட்டமாக ரப்பர் அரைபட்டு, கறுப்புத் தூள் கொட்டினால் காற்று இல்லாமல் ஓட்டிய டயர். அதற்கும் கிடைக்காது. உட்புறம் சுத்தமாக இருந்து, பட்டன் பகுதி மட்டும் ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ, ரிம்மில் உட்காரும் விளிம்பில் ரப்பர் பிரிந்திருந்தாலோ உங்கள் பக்கம் வலு இருக்கிறது.

சைட்வாலில் மேலிருந்து கீழாக ஒரு லேசான பள்ளக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரேடியல் டயரில் உள் இழைத் துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது. உள்வாங்கினால் சரி, வெளியே புடைத்தால் தப்பு.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட்டைப் பாருங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரில் இந்தச் சோதனை வேண்டாம்.

அடிபட்ட டயர்தான் என்று உறுதியானால் இன்ஷூரன்ஸும் பெரிதாகக் கைகொடுக்காது. வழக்கமான பாலிசியில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குப் பணம், அதுவும் 50 சதவீதம்.

4. காசுக் கணக்கு

வாரண்டியில் நீங்கள் ஓட்டித் தேய்த்த பங்குக்குப் பணம் கட்ட வேண்டும். கணக்கு எளிது, எதை அடிப்படையாக வைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

புது டயரின் பட்டன் ஆழம் 8 மி.மீ., இப்போது 4.8 மி.மீ., விலை ₹6,000 என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்தது 3.2 மி.மீ. முழு 8-ஐ வைத்துக் கணக்கிட்டால் 40 சதவீதத் தேய்மானம், நீங்கள் கட்டுவது ₹2,400. ஆனால் கார் டயர் 1.6 மி.மீ. வரைதான் சட்டப்படி ஓடலாம். பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் மேடு அந்த அளவுக்குத்தான். அதைக் கழித்துவிட்டு 6.4-ஐ வைத்துக் கணக்கிட்டால் 50 சதவீதம், ₹3,000. ஒரே டயர், ₹600 வித்தியாசம். எந்த முறை என்று வாரண்டி கார்டில் பாருங்கள், இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். ஆழம் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மிகவும் தேய்ந்த பள்ளத்தில் மட்டும் கேஜ் வைத்தால் நஷ்டம் உங்களுக்கு.

அடுத்த கேள்வி, எந்த விலை? எம்.ஆர்.பி.யா, கடை விலையா? எம்.ஆர்.பி.க்கு யாரும் டயர் வாங்குவதில்லை. அதே டயர் கடையில் ₹5,200-க்குக் கிடைக்கிறது, உங்கள் டயரில் 2.5 மி.மீ. மட்டும் மிச்சம் என்றால், இரண்டாவது முறையில் ₹6,000-க்கு நீங்கள் கட்டுவது ஏறக்குறைய ₹5,156. லாபம் 44 ரூபாய். அதற்காக ரிப்போர்ட் வரும் வரை ஸ்டெப்னியில் ஓட்டிக்கொண்டிருப்பதா? விட்டுவிட்டுப் பிடித்த பிராண்டை வாங்குங்கள். விலைப்பட்டியல் பழையதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

கழற்றி மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் வாரண்டியில் பெரும்பாலும் உங்கள் செலவு. ரீகாலில் இவற்றையும் கம்பெனியிடமே கேளுங்கள்.

தோராயமாக ஒரு வரம்பு: பட்டன் பாதிக்கு மேல் இருந்தால் க்ளெய்முக்கு அலையலாம், கால் பங்குக்குக் கீழே போய்விட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

5. வரப்போகும் டயரைச் சோதியுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்க உயரம், ரேடியல், 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு, எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை. கடைசி இரண்டிலும் குறைத்துத் தரும் டயரை வாங்காதீர்கள். 88-க்குப் பதில் 84 என்றால் ஒரு டயருக்கு 60 கிலோ குறைவு. ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகும்போது அந்த 60 கிலோ தேவைப்படும். கூடுதலாக 91 இருந்தால் பரவாயில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். தேதி ஒரு வருடத்துக்குள் என்றால் நல்லது, இரண்டைத் தாண்டினால் வேறு கேளுங்கள், மூன்றைத் தாண்டினால் நாங்கள் வாங்க மாட்டோம். கிடங்கில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

6. ஜோடியை மறக்காதீர்கள்

பலர் கோட்டை விடும் இடம் இது. கம்பெனி ஒரு டயர்தான் தரும், ஆனால் ஒரே அச்சில் இரண்டு சக்கரம். ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 4 மி.மீ. என்றால் மழையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி கோணலாகும். பேட்டர்னும் வேறாக இருந்தால் இன்னும் மோசம். வித்தியாசம் 2-3 மி.மீ.க்கு மேல் போனால் ஜோடியாக மாற்றுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் விட்டம் மாறினால் கியர் அமைப்புக்கே கேடு, அதனால் அங்கே இன்னும் கண்டிப்பு.

ஒரு டயரைக் காசு கொடுத்து வாங்குமுன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். காரோடு வந்து தொடாமலே கிடக்கிறதா? சைஸ், பிராண்ட், பேட்டர்ன் ஒன்றாக இருந்து ஐந்து வயதும் ஆகவில்லை என்றால், அதையும் கம்பெனி தரும் டயரையும் ஜோடி சேர்த்துவிடலாம். பழைய ஜோடி டயர் ஸ்டெப்னியாகப் போகும். சிறிய சைஸ் ஸ்டெப்னி உள்ள காரில் இந்த வழி நடக்காது.

புது ஜோடியைப் பின் சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னால் போடலாம் என்பார், முன் டயர்தான் சீக்கிரம் தேயும் என்ற நினைப்பில். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

7. எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

"முழுமையான, இறுதியான தீர்வு", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிகள் இருக்கிறதா பாருங்கள். வெறும் டயர் குறை என்றால் போடலாம். ரிம் வளைந்தது, ஃபெண்டர் கிழிந்தது, ஆளுக்கு அடிபட்டது என்று வேறு நஷ்டமும் இருந்தால் போடாதீர்கள். "டயர் மாற்றுக்கு மட்டும்" என்று கையால் எழுதி அதன் கீழே போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டயரை மறுத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

புது டயரின் சீரியல் எண் எழுதிய பில் வேண்டும், விலை பூஜ்யமாக இருந்தாலும். வாரண்டி புதிதாகத் தொடங்குகிறதா, பழையதின் மிச்சம்தானா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். க்ளெய்மைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு, டயரையும் திரும்ப வாங்குங்கள். கோபத்தில் அதைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையில் போட்டுவிட்டால் கதை அதோடு முடிந்தது. ரிப்போர்ட் நியாயமில்லை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை.

8. மாட்டும் நாள்

புது வால்வு போடச் சொல்லுங்கள். பழைய வால்வில் புது டயர் போட்டுவிட்டு மெல்ல மெல்லக் காற்று இறங்குகிறதென்று வருகிறவர்கள் அதிகம். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், பேலன்சிங் ஈயம் குறைவாகப் பிடிக்கும். அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சுழலும் திசையில் இருக்க வேண்டும். காற்று கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் முறுக்கிவிட்டு அப்படியே அனுப்புவார்கள். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனரில்), மேனுவலில் உள்ள அளவுக்கு இருக்கட்டும். 50 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். புது ரப்பரின் மேல் டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 300 கி.மீ. வரை மழையில் முன் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள்.