பெரிய நீர்த்தேக்கத்தில் தூண்டில்: கரையிலிருந்து கெண்டை பிடிக்கும் முறை

குளத்தில் நன்றாகப் பிடிப்பவர்கள்கூட பெரிய நீர்த்தேக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது உண்டு. பெரும்பாலும் இரையிலோ முள்ளிலோ கோளாறு இருக்காது, மீன் இல்லாத தண்ணீரில் போட்டிருப்பார்கள். அதனால் வந்ததும் ராடை (தூண்டில் கம்பை) பிரிக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் இடம் பார்ப்பதற்கு.

1. கரையைத் தேர்ந்தெடுப்பது

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ, அங்கே போங்கள். ஓரிரு நாள் ஒரே திசையில் காற்று வீசினால் மேல்மட்டத்து நுண்ணுயிர்களும் மிதக்கும் பூச்சிகளும் அந்தக் கரையில் வந்து ஒதுங்கும், பின்னாலேயே மீனும் வரும். எதிர்க்காற்றில் வீசுவது கஷ்டம் என்று எல்லோரும் அமைதியான கரையில்தான் உட்காருவார்கள். சொகுசான இடம்தான், ஆனால் மீனுக்கு அங்கே வேலையில்லை.

அடுத்தது நீர்மட்டம். ஏறும்போது புதிதாக மூழ்கிய புல்வெளியில் மண்புழுவும் பூச்சியும் கிடைக்கும் என்பதால் கெண்டை ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூட மேய வரும். இறங்கும்போது ஓரத்தை விட்டு விலகி, தரை சட்டென்று சரியும் விளிம்புக்குப் போய்விடும். கோடையில் ‘ஆழத்தில்தான் பெரிய மீன்’ என்று நம்பி நடு ஆழத்தில் போட வேண்டாம். வெயில் காலத்தில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலக்காமல் தனித்தனி அடுக்காக நிற்கும். அடி அடுக்கில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோயிருக்கும். 2 முதல் 5 மீட்டர் வரை தேடினால் போதும்.

மதகு, உபரிநீர்ப் போக்கி, அவற்றின் கீழ்ப்பகுதி பக்கம் போகவே கூடாது. தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு தேவையா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தரையைத் தடவிப் பார்ப்பது

முள் இல்லாமல் 30 கிராம் ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசுங்கள். குண்டு தண்ணீரைத் தொட்டதிலிருந்து நரம்பு (தூண்டில் இழை) தொய்யும் வரை எண்ணுங்கள். ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் எண்ணிப் பார்த்திருந்தால், இந்த எண்ணிக்கையை மீட்டராக மாற்றிவிடலாம். பிறகு ராடைப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். வழுவழுவென்று கனமாக வந்தால் சேறு. ‘டக் டக்’ என்று ராடின் நுனி துடித்தால் சரளை. ரப்பர் போல இழுபட்டு விட்டுக்கொடுத்தால் பாசி. சேறு முடிந்து சரளை தொடங்கும் எல்லை கிடைத்தால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது.

அந்தத் தூரம் மறந்துபோகும். ரீலை ஒட்டி நரம்பில் சிறு நூல் முடிச்சுப் போட்டு, எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கட்டும் வரிசை

தொடங்குபவருக்கு 9 அல்லது 10 அடி ராட், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.30 மி.மீ. நைலான் நரம்பு போதும். ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும்படி நரம்பைச் சுற்றுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும், குறைந்தால் தூரம் போகாது.

பிரதான நரம்பில் முதலில் துளையுள்ள குண்டு (30 முதல் 40 கிராம்), பிறகு ஒரு ரப்பர் மணி, பிறகு ஸ்விவல் (இரு முனையிலும் வளையமுள்ள, சுழலும் இணைப்பு). அதன் மறுமுனையில் 0.25 மி.மீ. நரம்பு 40 செ.மீ., கடைசியில் 8ஆம் எண் முள். குண்டு நரம்பில் தாராளமாக ஓடுவதால் இரையை எடுக்கும் மீனுக்குக் கனம் தெரியாது. மணி இல்லாவிட்டால் குண்டு ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சில் மோதி அதை நைத்துவிடும். கடைசித் துண்டு மெல்லியதாக இருப்பதும் காரணத்தோடுதான்: அடியில் மாட்டினால் முள் மட்டும் போகும், மற்றதெல்லாம் திரும்பி வரும்.

முடிச்சுக்கு 5 அல்லது 6 சுற்று சுற்றி, இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் உரசிச் சூடேறினால் பலம் இழக்கும். பெரிய மீன் ‘அறுத்துக்கொண்டு போச்சு’ என்று சொல்பவர்களின் நரம்பு நுனி சுருள்சுருளாக இருந்தால், மீன் அறுக்கவில்லை, முடிச்சு வழுக்கியிருக்கிறது.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் இறுக்கத்தை, 1.5 கிலோவுக்கு வையுங்கள். தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் அந்த எடையில் ரீல் நரம்பை விட வேண்டும்.

4. இரை

ஒரு கிலோ தவிடு, அரைக் கிலோ பொடித்த கடலைப் புண்ணாக்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். களியாகிவிட்டால் அடியில் கரையாமல் கல் போலக் கிடக்கும். முள் போடும் இடத்தில் ஆரஞ்சுப் பழ அளவில் ஐந்து உருண்டையை முதலில் எறியுங்கள், பிறகு அரை மணிக்கு ஒன்று. கொட்டித் தீர்த்தால் வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தொடாது. முள்ளில் மண்புழுவோ கெட்டியான மாவோ. முள் நுனி மட்டும் வெளியே தெரியட்டும்.

5. கடி, இழுப்பு

படபடவென்று நுனி துடிப்பது பெரும்பாலும் ஜிலேபியோ குஞ்சு மீனோதான், அதற்கெல்லாம் ராடைத் தூக்காதீர்கள். நரம்பு நிதானமாக ஓடத் தொடங்கினால் தூக்குங்கள். விறைப்பாக இருந்த நரம்பு திடீரென்று தொய்ந்தாலும் அது கடிதான்: மீன் இரையோடு கரையை நோக்கி வருகிறது. வேகமாகச் சுற்றி, தொய்வு தீர்ந்ததும் தூக்குங்கள்.

ஓடும் மீனை ஓட விடுங்கள், அந்த நேரத்தில் ரீலைச் சுற்றினால் நரம்புதான் முறுக்கேறும். கைவலையை முன்பே தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். மீனைத் துரத்தி வலையை வீசினால் கடைசி நொடியில் ஒரு துள்ளு, முள் கழன்றுவிடும்.

அடியில் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், ஒடியும். நரம்பை ஒரு குச்சியில் சுற்றி நேராகப் பின்னால் நடங்கள். கையில் சுற்றினால் சதையை அறுக்கும். ஒரே இடத்தில் மூன்று முறை முள் போனால் அங்கே மூழ்கிய மரம் இருக்கிறது. இடத்தை மாற்ற வேண்டாம், இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் போடுங்கள். கெண்டை அந்த மரத்தை ஒட்டித்தான் நிற்கும்.