பேண்டை விட்டு வெளியே வரும் பாடகர் செய்யக்கூடாத தவறுகள்

புகழ்பெற்ற ராக் பேண்டிலிருந்து பாடகர் விலகிவிட்டார் என்று செய்தி வந்தால் ரசிகர்கள் பேண்டை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். பாடகருக்கு என்ன, குரல் அவரிடம் இருக்கிறது, முகம் எல்லோருக்கும் தெரியும், பிழைத்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. பாடகருக்கே அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கும். நடந்ததைப் பார்த்தால் பல சமயம் கதை தலைகீழ். டேவிட் லீ ராத் 1985-இல் வான் ஹேலனை விட்டுப் போனார். அந்த பேண்டின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது அதற்கு அடுத்த ஆண்டு, வேறொரு பாடகரோடு. பீட்டர் கேப்ரியல் போன பிறகுதான் ஜெனிசிஸ் பெரிய அரங்குகளை நிரப்பும் பேண்டாக வளர்ந்தது. வெளியே வந்தவர்கள்தான் நிலைகொள்ளச் சில வருடங்கள் திண்டாடினார்கள். சிலருக்குக் கடைசிவரை திண்டாட்டம்தான்.

அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் ஏறக்குறைய ஒன்றேபோல இருக்கின்றன. அவற்றில் குரலுக்குச் சம்பந்தமே இல்லை.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கிளம்புவது

பேண்டை விட்டு விலகினால் ரெக்கார்டு கம்பெனியும் விட்டுவிடும் என்று அர்த்தமில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் ஒப்பந்தங்களில் விலகும் உறுப்பினரைப் பற்றி வழக்கமாகவே ஒரு பிரிவு இருக்கும்: யார் வெளியே போனாலும் அவருடைய சோலோ ஆல்பத்தின் மேல் முதல் உரிமை அதே கம்பெனிக்கு. பேண்ட் வாங்கிய முன்பணத்தில் கழியாத பாக்கி இருந்தால் அதைச் சோலோ வருமானத்தில் பிடித்துக்கொள்ளவும் வழி வைத்திருப்பார்கள். பேண்டில் பாடிய பாட்டை மறுபடி பதிவுசெய்யச் சில வருடத் தடை இருக்கும். பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பது தனிப் பஞ்சாயத்து.

இதெல்லாம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜான் ஃபோகர்ட்டி பட்ட பாடு போதும். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலில் பாடகர், கிட்டாரிஸ்ட், பாட்டெழுதுபவர் எல்லாம் அவர்தான். 1972-இல் பேண்ட் கலைந்தது. ஆனால் ஒப்பந்தப்படி ஃபேண்டசி ரெக்கார்ட்ஸுக்கு அவர் இன்னும் ஆல்பங்கள் கொடுத்தாக வேண்டும். அதிலிருந்து விடுபட, கிரீடன்ஸ் பாட்டுகளிலிருந்து தனக்கு வர வேண்டிய ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். 1975-க்குப் பிறகு பத்து வருடம் அவரிடமிருந்து புது ஆல்பமே இல்லை. 1985-இல் ‘சென்டர்ஃபீல்ட்’ வந்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் ஃபேண்டசி வழக்குப் போட்டது. அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டு, அவரே 1970-இல் கிரீடன்ஸுக்காக எழுதிய ஒரு பாட்டின் நகலாம்! பழைய பாட்டின் உரிமை கம்பெனி கையில் இருந்ததால், ஒரு மனிதர் தன்னையே காப்பியடித்தார் என்று குற்றம்சாட்ட முடிந்தது.

ஃபோகர்ட்டி கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, தன் பாட்டுகள் எப்படி உருவாகின்றன, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று ஜூரிக்கு வாசித்துக் காட்டினார். 1988-இல் ஜெயித்தார். ஜெயித்த பிறகு வக்கீல் செலவைத் திரும்பக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே தீர்ப்பு வந்தது 1994-இல். அமெரிக்கப் பதிப்புரிமை வழக்குகளில் வக்கீல் செலவு பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

எழுதாமல் விட்ட ஒப்பந்தத்திலும் இதே ஆபத்து உண்டு. தி ஸ்மித்ஸ் 1987-இல் உடைந்தது. பாடகர் மாரிசே மறு வருடமே சோலோ ஆல்பம் போட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தார். லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று அந்த பேண்டில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கவில்லை. டிரம்மர் மைக் ஜாய்ஸ் கோர்ட்டுக்குப் போனார். வேறு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்கிறது பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். அதுவரை பத்து சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 25 சதவீதம் என்று 1996-இல் தீர்ப்பானது. பாட்டு எழுதியதற்கான ராயல்டி மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆகவே விலகுகிறேன் என்று பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன்னால் வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். பேண்டின் மேனேஜர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். அவர் பேண்டின் வக்கீல்.

தனியாகப் போகிறோம் என்று தனியாகவே உட்கார்வது

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒவ்வொரு பேண்டிலும் பாடகருக்கு எரிச்சலூட்டும் ஓர் ஆள் இருப்பார். பெரும்பாலும் கிட்டாரிஸ்ட். இந்த வரி சரியில்லை, இந்த மெட்டை ஏற்கனவே போட்டாயிற்று என்று முகத்துக்கு நேரே சொல்பவர். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் பாதிப் பேர் வெளியே வருகிறார்கள். வந்ததும் கைதேர்ந்த வாத்தியக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் கொடுப்பவரிடம் உங்கள் பாட்டு சுமார்தான் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஆஸி ஆஸ்போர்னை 1979-இல் பிளாக் சபாத் வெளியேற்றியது. குடியும் போதையுமாக இருந்தவர். முடிந்த கதை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவரைத் தூக்கி நிறுத்தியவர் ராண்டி ரோட்ஸ் என்ற 22 வயது கிட்டாரிஸ்ட். சபாத்தின் டோனி அயோமி வாசிப்பது கனமாக, நிதானமாக இருக்கும். ரோட்ஸ் கிளாசிக்கல் கிட்டாரும் கற்றவர், விரல்கள் பறக்கும். ஆஸி மெட்டை முனகுவார், ரோட்ஸ் அதைப் பிடித்துப் பாட்டாக வளர்ப்பார், வரிகளில் பெரும்பகுதியை பாஸ் கிட்டார் வாசித்த பாப் டெய்ஸ்லி எழுதுவார். 1980-இல் வந்த ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’ சபாத்தின் நிழல் விழாமல் தனியாக நின்றது இப்படித்தான்.

புரூஸ் டிக்கின்சன் 1993-இல் அயர்ன் மெய்டனை விட்டு வந்தார். 1996-இல் ‘ஸ்கங்க்வொர்க்ஸ்’ என்ற பெயரில் இளைஞர்களோடு புது பேண்டே ஆரம்பித்துவிட நினைத்தார். கம்பெனி விடவில்லை, ஆல்பத்தின் மேல் அவர் பெயரைப் போட்டே விற்றது. அது மெய்டன் ரசிகர்களுக்கும் ஒட்டவில்லை, 90களின் மாற்று ராக் கேட்கும் கூட்டமும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் கிட்டாரிஸ்டும் தயாரிப்பாளருமான ராய் இசட்டோடு மறுபடி சேர்ந்தார். பழைய மெய்டன் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் வந்தார். 1997, 1998-இல் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆல்பங்கள் அதே ஆண்டுகளில் மெய்டன் செய்துகொண்டிருந்ததைவிட நன்றாக இருந்தன. இது என் கருத்து மட்டுமில்லை, மெய்டன் ரசிகர்களில் பலரும் சொல்வது.

இதில் வேடிக்கை, ஜூடாஸ் ப்ரீஸ்ட்டை விட்டு வந்த ராப் ஹால்ஃபோர்டை 2000-இல் மீட்டெடுத்த ‘ரெசரக்‌ஷன்’ ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் இதே ராய் இசட்தான். இரண்டு பெரிய குரல்கள், இரண்டுக்கும் ஒரே மருந்து.

மேலே சொன்ன டேவிட் லீ ராத்தின் கணக்கு இன்னும் தெளிவு. 1986-இல் முதல் முழு ஆல்பத்துக்குக் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாயையும் பாஸ் வாசிக்கும் பில்லி ஷீஹனையும் பிடித்தார். கிட்டாரும் பாஸும் ஒன்றையொன்று துரத்தும் அந்த ஆல்பம் அமெரிக்காவில் நாலாம் இடம் வரை போனது. அடுத்த ஆல்பத்தோடு ஷீஹன் கிளம்பினார், 1989-இல் ஸ்டீவ் வாய் ஒயிட்ஸ்நேக் பேண்டுக்குப் போனார். 90களில் ராத்தின் கொடி இறங்கியதற்கு காலம் மாறியது ஒரு காரணம்தான். ஆனால் எதிரே நின்று போட்டி போட ஆள் இல்லாமல் போனதும் கேட்கும்போதே தெரியும்.

விதிவிலக்கு உண்டா என்றால் ஃபோகர்ட்டி உண்டு. ‘சென்டர்ஃபீல்டில்’ எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்தார். ஆனால் அவர் பேண்டில் இருந்தபோதே எல்லாவற்றையும் தானே தீர்மானித்தவர். மற்றவர்களோடு சண்டை வந்ததே அதனால்தான்.

சரி, நல்ல துணை கிடைத்தால் அவர் பெயரை மறைக்காமலிருக்க வேண்டும். ஆஸியின் இரண்டாவது ஆல்பத்தில் பாஸ் வாசித்தது டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். ஆல்பம் வெளிவருவதற்குள் இருவரும் நீக்கப்பட்டார்கள். உறையில் பெயரும் படமும் புதிதாக வந்த வேறு இருவருடையவை. பல வருடம் வழக்கு நடந்தது. 2002-இல் முதல் இரண்டு ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது பழைய பாஸையும் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு ஆட்களை வைத்து வாசித்துச் சேர்த்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். மனப்பாடமான ஆல்பத்தில் ஒரு டிரம் அடி மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். 2011-இல் பழைய பதிவுகளையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

காற்றடிக்கும் பக்கம் சாய்வது

பழைய பேண்டைப் போலவே இருக்கக் கூடாது என்ற அவசரத்தில், அந்த வருடம் எது ஓடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வது. ஹால்ஃபோர்ட் 1998-இல் எலெக்ட்ரானிக் ஓசைகளோடு ‘டூ’ என்ற புது பேண்டின் பெயரில் ஓர் ஆல்பம் போட்டார். உச்சஸ்தாயியில் கிழித்துக்கொண்டு போகும் அந்தக் குரலை அதில் தேடிப் பிடிக்க வேண்டும். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் 2009-இல் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு ‘ஸ்க்ரீம்’ செய்தார். முதல் வாரம் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்தது, மறு வாரமே சரிந்தது. கார்னெலின் குரலுக்கு உயிரே அந்தக் கரகரப்பும் மேலே ஏறும்போது வரும் இழுப்பும்தான். இயந்திரத் தாளத்துக்கு நடுவில் அதை வழுவழுப்பாக்கி வைத்துவிட்டார்கள். பத்து வருடம் முன்பு, 1999-இல், நண்பர்களோடு சேர்ந்து செய்த அவருடைய முதல் சோலோவைக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

மாற்றம் தவறு என்று சொல்லவில்லை. ‘தி போலீஸ்’ பேண்டிலிருந்து வந்த ஸ்டிங் 1985-இல் ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்தார். பேண்டுக்கு முன்பே அவர் ஜாஸ் வாசித்தவர், அதனால் பொருந்தியது. கேப்ரியலோ எங்குமே இல்லாத ஓசையைத் தேடிப் போனார். 1980-இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு டிரம்மர்களிடம் ஒரே ஒரு கட்டளை: சிம்பல் (டிரம்ஸோடு வைத்து அடிக்கும் உலோகத் தட்டு) கிடையாது. அவர்களில் ஒருவர் ஃபில் காலின்ஸ். ஸ்டுடியோவில் வாசிப்பவர் பேசுவது கன்ட்ரோல் ரூமுக்குக் கேட்க ஒரு மைக் வைத்திருப்பார்கள். மெல்லிய பேச்சையும் தூக்கிக் கொடுத்து, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும் மைக் அது. காலின்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது அது திறந்திருந்தது. இடிபோல எழும்பி, வால் இல்லாமல் சட்டென்று அறுந்துபோகும் ஒரு டிரம் ஓசை வந்தது. என்ஜினியர் ஹ்யூ பேட்கம் அதையே பதிவாக்க வழி செய்தார். சிம்பலின் நீண்ட அதிர்வு இருந்திருந்தால் அந்த ஓசை இவ்வளவு சுத்தமாக அறுந்திருக்காது. 80களின் பாதி ராக் பாட்டுகளில் கேட்பது இந்த டிரம்ஸ்தான். அமெரிக்காவில் அட்லான்டிக் கம்பெனி இந்த ஆல்பமே வேண்டாம் என்று கழித்துவிட்டது, மெர்க்குரி வெளியிட்டது.

பழைய பாட்டைத் தொடவே மாட்டேன் என்பது

ராபர்ட் பிளான்ட் லெட் செப்பலின் முடிந்த பிறகு முதல் சோலோ கச்சேரிகளில் செப்பலின் பாட்டு ஒன்றைக்கூடப் பாடவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களுக்கு அது சரியான முடிவு, புதுப் பாட்டுக்கு இடம் வேண்டுமே. அதை வாழ்நாள் சபதமாக்காமல் 1988 வாக்கில் தளர்த்திக்கொண்டார். 2007-இல் பாடகி அலிசன் கிராஸோடு நாட்டுப்புறச் சாயலில் செய்த ஆல்பத்துக்கு, ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று 2009-இல் கிராமி கிடைத்தது. ஃபோகர்ட்டி ராயல்டிக் கோபத்தில் கிரீடன்ஸ் பாட்டுகளை 1987 வரை மேடையில் பாடாமல் வைத்திருந்தார். கோபம் நியாயம்தான், நஷ்டம் டிக்கெட் வாங்கியவர்களுக்கு.

பேண்டோடு மல்லுக்கு நிற்பது

ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் பிங்க் ஃப்ளாய்டை விட்டு விலகினார். தான் இல்லாமல் அந்தப் பெயர் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார். மற்றவர்கள் பெயரோடு தொடர்ந்தார்கள். 1987-இல் இரு தரப்பும் ஆல்பம் போட்டு, ஒரே சமயத்தில் சுற்றுப்பயணமும் போனார்கள். பெயர் இருந்த பக்கம் ஸ்டேடியம் நிறைந்தது. பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதியவர் பக்கம் நாற்காலிகள் காலி. அந்த டிசம்பரில் சமரசம் ஆனது. வாட்டர்ஸுக்கு ‘தி வால்’ மேடை நிகழ்ச்சியின் உரிமை வந்தது, 2010-இல் தொடங்கி மூன்று வருடம் உலகம் சுற்றி அதை நடத்தினார். பேச்சுவார்த்தையில் கிடைத்ததுதான் கடைசியில் சோறு போட்டது.

கேப்ரியல் கதை நேர் எதிர். 1982-இல் அவர் தொடங்கிய வோமாட் இசை விழா பெரிய கடனில் விழுந்தது. கைகொடுத்தது பழைய பேண்ட்தான்: அக்டோபரில் மில்டன் கீன்ஸில் ஜெனிசிஸ் அவரோடு சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டியது. 1986 ஜூலையில் ஜெனிசிஸ் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோது, அதை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்தது கேப்ரியலின் பாட்டு.

கடைசியாக ஒன்று. திரும்பிப் போவதைத் தோல்வியாக நினைத்து வீம்பு பிடிப்பது. டிக்கின்சன் 1999-இல் மெய்டனுக்குத் திரும்பினார், ஏட்ரியன் ஸ்மித்தையும் கூட்டிக்கொண்டு. சோலோவை மூட்டைகட்டவும் இல்லை. 2005-இல் ஒன்று, 2024-இல் இன்னொன்று. இரண்டிலும் கிட்டார் வாசித்ததும் தயாரித்ததும் ராய் இசட்.