கணவன், மனைவி விசா மறுக்கப்பட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

என் சித்தி மகளுக்கு கோபியில் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். விசா நேர்காணலுக்குப் போனவள் ஒரு தாளோடு திரும்பி வந்தாள், அன்று ராத்திரியே பெரியப்பா "கேஸ் போட்டுடலாமுங்க, ஈரோட்டுல தெரிஞ்ச வக்கீல் இருக்காரு" என்று கிளம்பிவிட்டார். கிளம்பாதீர்கள். வேறு நாட்டு அதிகாரியிடம் விசா கொடு என்று ஈரோட்டு கோர்ட்டும் சொல்ல முடியாது, சென்னை ஹைகோர்ட்டும் சொல்ல முடியாது.

முதலில் அந்தத் தாளில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 221(ஜி) என்றால் ஏதோ ஆவணம் குறைகிறது, அல்லது சோதனை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒரு வருடத்துக்குள் கேட்டதைக் கொடுத்தால் புதிதாகப் பணம் கட்டாமலேயே மறுபடி பார்ப்பார்கள். எங்களுக்கு வந்ததும் அதுதான். பத்திரிகையில் முகூர்த்தம் ஒரு தேதி, கோயம்புத்தூர் ரிசப்ஷன் இன்னொரு தேதி, ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழில் மூன்றாவது தேதி. போதாக்குறைக்கு ஆல்பத்தில் ஐயரும் இல்லை, ஹோமமும் இல்லை. எங்கள் பக்கத்தில் அருமைக்காரர்தான் சீர் செய்து நடத்திவைப்பார் என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? எந்தத் தேதியில் என்ன நடந்தது, யார் நடத்தினார் என்று ஒரு பக்கம் எழுதி, படங்களுக்குக் கீழே ஆள் பெயர் போட்டு அனுப்பினோம். நாலு மாதத்தில் விசா வந்தது.

212(ஏ)(6)(சி) என்றால் பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டு, இது கனமானது. ஐ-601 என்ற வெய்வர் மனு, அதாவது அந்தத் தடையிலிருந்து விலக்கு கேட்கும் மனு போடலாம், ஆனால் அங்கே இருக்கும் துணைக்கு நேரும் கடும் கஷ்டத்தை மருத்துவச் சீட்டு, கடன் கணக்கு வரைக்கும் வைத்து நிரூபிக்க வேண்டும்.

சரி, அமெரிக்க கோர்ட்? அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கிறது. அரசுத் தரப்பு சட்டப்படி ஒரு காரணம் காட்டினால் கோர்ட் அதற்கு மேல் தோண்டாது என்று 1972-லேயே மேண்டல் வழக்கில் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூன் 21 அன்று முன்யோஸ் வழக்கில், எல் சால்வடார் கணவருக்கு விசா மறுக்கப்பட்ட அமெரிக்க மனைவி தோற்றார்: கணவனை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகளின் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கல்யாணம் செய்தவர்களைப் பிரித்து வைக்கும் தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது, இருந்தாலும் சட்டம் இன்று அதுதான்.

இரண்டு விஷயம் மட்டும் வேறு. மறுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தால், முடிவு சொல்லு என்று அங்கே 'மாண்டமஸ்' வழக்குப் போடலாம். விசாவுக்கு முன்னால் அங்கே இருக்கும் துணை போடும் ஐ-130 என்ற உறவு மனுவையே தள்ளியிருந்தால், அதைப் போட்டவர் 30 நாளில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், அங்கும் தோற்றால் ஃபெடரல் கோர்ட்டுக்கும் போகலாம்.

கனடாவும் பிரிட்டனும் இந்த அளவுக்குக் கறார் இல்லை. கனடாவில் ஸ்பான்சர் செய்தவர் 30 நாளில் அப்பீல் போடலாம். பிரிட்டன் துணைவர் விசாவுக்கு, நீங்கள் இங்கே இந்தியாவில் இருந்தால் 28 நாளுக்குள், குடும்ப வாழ்வு உரிமையைச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அதனால் கடிதம் வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், வந்த தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்து வையுங்கள். அப்புறம், வக்கீல் அந்த நாட்டில் உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.