ஹெபடைடிஸ் பி எலிசா பரிசோதனையைச் செய்யும் முறை

ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனை (தொற்றைக் காட்டும் வைரஸ் புரதம்) நிற மாற்றத்தால் கண்டறியும் எலிசா கிட்டை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலிருந்து எடுத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். தட்டிலுள்ள, ஆன்டிபாடி பூசிய குழிகளில் சீரத்தையும் (இரத்தத்தின் தெளிந்த திரவம்) கன்ட்ரோல்களையும் (முடிவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்) நொதி இணைத்த ஆன்டிபாடியையும், கிட்டுடன் வரும் கையேடு கூறும் வரிசையிலும் நேரத்திலும் சேர்க்க வேண்டும்.

பிழை பெரும்பாலும் நுழைவது கழுவும்போதுதான். ஒவ்வொரு குழியும் விளிம்புவரை நிரம்பி முழுதாகக் காலியாக வேண்டும். இறுதியில் தட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளில் தட்டிய பிறகும் ஒட்டாத நொதி எஞ்சியிருந்தால், தொற்றே இல்லாதவரின் குழியும் நிறம் காட்டிவிடும், அது அவருக்கு இழைக்கும் அநீதி.

கழுவிய பின் சேர்க்கும் டிஎம்பி கரைசல், நொதி இருக்கும் குழியில் தரும் நீல நிறம் அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். அதை 450 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) எனக் கொள்ளும் எல்லையான கட்-ஆஃப் மதிப்புடன் ஒப்பிட வேண்டும். கன்ட்ரோல்கள் வரம்பு மீறினால் அந்தத் தட்டின் எந்த முடிவையும் வெளியிடக் கூடாது. ரியாக்டிவ் மாதிரியை இரட்டைக் குழிகளில் மீண்டும் சோதித்து, ஆன்டிஜெனை ஆன்டிபாடியால் முடக்கிச் சரிபார்க்கும் நியூட்ரலைசேஷன் முறையில் உறுதிசெய்ய வேண்டும்.