தோட்ட வடிவமைப்பு படிப்பவர்களுக்கு: வரையவும் விளக்கவும் பழகுவது எப்படி?

"எனக்கு வரையவே வராதே" என்று தயங்கிக்கொண்டுதான் தோட்ட வடிவமைப்பு படிக்க நிறைய பேர் வருகிறார்கள். ஓவியம் வராவிட்டால் பரவாயில்லை. உங்கள் தாளைப் பார்க்கப்போகிறவர்கள் முக்கியமாக இரண்டு பேர்: அதைப் பார்த்துக் கயிறு கட்டப்போகிற மேஸ்திரி, பணம் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர். மேஸ்திரிக்கு அளவு வேண்டும். வீட்டுக்காரருக்கோ அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும் என்பது தெரிய வேண்டும். ஒரே தாளில் இரண்டையும் அடைக்கப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது, அதனால் தனித்தனியாகவே பழகுங்கள்.

முதலில் அளவு. சென்னையில் ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி, 40க்கு 60 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் சுமார் 12.2க்கு 18.3. இதை 1:50 அளவில், அதாவது தரையில் 50 செ.மீ. தாளில் 1 செ.மீ. ஆகும்படி வரைந்தால் 24.4 செ.மீ.க்கு 36.6 செ.மீ. வரும், ஒரு ஏ3 தாளில் அடங்கிவிடும், ஓரத்தில் தலைப்பும் வடக்கு காட்டும் அம்பும் போட இடமும் இருக்கும்.

ஏற்கெனவே நிற்கிற மரத்தைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக வைக்காதீர்கள். வீட்டின் ஒரு மூலையிலிருந்து டேப் பிடித்து மரம் வரை அளவெடுங்கள், அப்புறம் இன்னொரு மூலையிலிருந்தும் அளவெடுங்கள். ஒன்று 6.4 மீட்டர், இன்னொன்று 4.9 மீட்டர் என்றால், தாளில் காம்பஸை 12.8 செ.மீ. விரித்து முதல் மூலையிலிருந்து ஒரு வில், 9.8 செ.மீ. விரித்து அடுத்த மூலையிலிருந்து ஒரு வில். இரண்டும் வெட்டுகிற இடத்தில் மரம் நிற்கிறது. கோணமானி எதுவும் தேவையில்லை.

புதிதாக நடும் மரத்தை வளர்ந்த பிறகு இருக்கும் அளவில்தான் வரைய வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன். நன்றாக வளர்ந்த வேம்பின் குடை 10 மீட்டரை எளிதாகத் தாண்டும், 1:50ல் அது 20 செ.மீ. வட்டம், அதாவது மேலே சொன்ன மனையின் அகலத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். கன்றின் அளவில் சின்ன வட்டம் போட்டால் படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே வேம்பு வைக்கலாமா கூடாதா என்ற கேள்வியே உங்களுக்கு எழாது. வளர்ந்த அளவில் போட்ட வட்டமோ, பவழமல்லியோ செம்பருத்தியோ போதும் என்று தானே சொல்லிவிடும்.

கோட்டின் தடிமன் அடுத்தது. சுவருக்கு 0.5 மி.மீ. பேனா, மரத்தின் வெளிக்கோட்டுக்கும் பாதை ஓரத்துக்கும் 0.3, கல் பாவியதற்கும் புல்லுக்கும் 0.1. எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் எது உயரம், எது தரை என்று கண்ணுக்குப் பிடிபடாது. அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய பட்டர் பேப்பரை மேலே விரித்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால் கை தானாகவே திருந்தும்.

நிழலை மட்டும் இங்கிலாந்துப் பாடப் படங்களைப் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அங்கே நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். சென்னையில் ஏப்ரல் கடைசிவாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு வருகிறது, அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், சின்னதாக. டிசம்பர் நண்பகலில் 1.5 மீட்டர் மதில் வடக்கே 1.1 மீட்டர் வரை நிழல் தரும். செடி எங்கே காயும், திண்ணை எங்கே போடலாம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

இனி வீட்டுக்காரருக்கான படம். மேலிருந்து பார்க்கும் வரைபடம் பலருக்குப் புரியாது, தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற வெட்டுத்தோற்றம் ஒன்றாவது கட்டாயம் வையுங்கள்: மதில், செடி, திண்ணை, பக்கத்தில் நிற்கும் ஒரு ஆள். கண்மட்டப் படம் வரைவதும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. நீங்கள் நின்று பார்ப்பதுபோல வரைகிறீர்கள் என்றால், சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய கண்ணும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் வரும், தூரத்தில் இருப்பவரின் பாதம் மட்டும் மேலே ஏறும். இதை வைத்தே ஆழம் வந்துவிடும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் காட்ட, ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த உத்தி இன்றும் பலிக்கிறது. மாறப்போகிற தோட்டத்தை நீர்வண்ணத்தில் தீட்டி, அதன்மேல் இப்போதிருக்கும் காட்சியைத் தீட்டிய, தூக்கிப் பார்க்கும் ஒரு மடிப்புத் தாளை ஒட்டிவிடுவார், தூக்கினால் அடியில் மாறப்போகிற காட்சி. நீங்கள் போனில் எடுத்த படத்தை அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பரை டேப்பால் ஒட்டி வரைந்தால் போதும். நம் வெயிலில் வளரும் மரங்களை வரையக் கற்க, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்து வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு மரமும் தன் முகத்தோடு நிற்கும், தென்னையும் வாழையும் ஒரே வட்டமாகிவிடாது.

விளக்கும்போது தாளைத் திருப்பி, கேட் அவர்கள் பக்கம் இருக்கும்படி வையுங்கள். 'கான்செப்ட்' என்று தொடங்காமல், "கேட்டைத் திறந்து உள்ளே வர்றீங்க" என்று ஆரம்பித்து அவர்களை நடத்திக் கூட்டிப்போங்கள். வழியில் மழைத்தண்ணீர் எங்கே போகும், துணி எங்கே காயும், தினமும் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கப்போவதும் அதைத்தான். கையில் ஒரு வெற்று பட்டர் பேப்பரும் 2பி பென்சிலும் இருக்கட்டும். "அந்தத் திண்ணை கொஞ்சம் தள்ளி வந்தா?" என்று யாராவது கேட்டால், அங்கேயே விரித்து அவர்கள் கண்முன்னால் வரைந்து காட்டுங்கள்.