விசா முடிய 12 நாள்: ஜெர்மனியில் நான் செய்தது

வேலைக்கான தேசிய விசாவில் ஜெர்மனி வந்தேன். அது முடியுமுன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 நாள்தான் மிச்சம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைத்ததோ இரண்டு மாதம் தள்ளி. தூக்கமே போயிற்று.

கைகொடுத்தது குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு. விசா செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும், வேலையையும் தொடரலாம். (ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு இது பொருந்தாது.) நேரம் முன்பதிவு செய்தாலே விண்ணப்பித்த மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். விண்ணப்பம், வேலை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். கூடவே ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற இடைக்காலச் சான்றும் கேட்டு எழுதினேன். அது வந்ததும் நிறுவனத்தில் காட்டினேன். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்னொன்று, முகவரிப் பதிவு. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு நாள் வீணானது அதில்தான்.